கண்ணுக்குத் தெரியாததோடு ஒரு குடித்தனம்

காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டுவது என் வேலை. வீடு திருவொற்றியூர் குப்பத்தில். டீசலும் கிரீஸும் என் விரல் ரேகைகளுக்குள் எப்போது குடியேறின என்று எனக்கே நினைவில்லை. வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கையை அலசி, பனியன் துணியில் துடைத்து, அதே கையால் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். என் மனைவி மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவள் கையில் மீன் வாசம், என் கையில் டீசல் வாசம். இரண்டும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருந்தன.

அவளுக்குச் சர்க்கரை பல வருடமாக இருந்தது. முதலில் கண்ணைத் தொட்டது. சில்லறையைத் தடவித் தடவிப் பார்த்து வாங்க ஆரம்பித்தாள். பிறகு காலும் முகமும் வீங்கின. அரசு மருத்துவமனையில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்றார்கள். மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கி அவள் மயங்கிப் போனாள். இதயமும் அவ்வளவு பலமில்லை என்றார் டாக்டரம்மா. என்னைத் தனியே கூப்பிட்டு வேறொரு வழி இருப்பதாகச் சொன்னார்.

வயிற்றுக்குள் குடலைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறதாம். வயிற்றில் ஒரு சின்னக் குழாயை நிரந்தரமாக வைத்து, அதன் வழியே ஒரு பை நிறைய சர்க்கரைத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் அது உள்ளேயே இருக்கும். ரத்தத்திலுள்ள கழிவு சவ்வு வழியாக அந்தத் தண்ணீருக்குள் கசிந்து வரும். பிறகு அதை வெளியே வடித்துவிட்டுப் புதுப் பையை ஏற்ற வேண்டும். தினமும், ஒரு நாளைக்குப் பல முறை, வீட்டிலேயே.

"ஒண்ணே ஒண்ணுதான் பயம்" என்றார். "குழாய் வழியா கிருமி உள்ள போயிட்டா வயிறு முழுக்கச் சீழ் பிடிச்சிடும். உங்க வீட்டுல யார் செய்வீங்க?"

அவளால் முடியாது, கண் தெரியாது. ஒரே மகளை மீஞ்சூரில் கட்டிக் கொடுத்துவிட்டோம். நான் என் கைகளைப் பார்த்தேன். டாக்டரம்மாவும் பார்த்தார். "நான் செய்றேம்மா" என்றேன்.

பயிற்சி கொடுத்த நர்ஸ் நாகர்கோவில் பக்கத்துப் பெண். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். என்னை "அண்ணாச்சி" என்பாள். முதல் நாள் என் உள்ளங்கையில் ஏதோ ஒரு களிம்பைப் பிதுக்கினாள்.

"இத நல்லா தேய்ச்சுட்டு, சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க."

கழுவினேன். வீட்டில் கழுவுவதைவிட இரண்டு மடங்கு தேய்த்துத்தான் கழுவினேன். ஒரு கறுப்புப் பெட்டிக்குள் கையை விடச் சொல்லி நீல விளக்கைப் போட்டாள். என் நகக்கண்கள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. கட்டைவிரலின் அடிப்பாகம், விரல் இடுக்குகள், உள்ளங்கை ரேகை என்று சோப்பு போகாத இடமெல்லாம் களிம்பு ஒளிர்ந்தது. மங்கலாகத் தெரியும் என் மனைவிக்கே அது தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாயா, உங் கையி தீபாளி கணக்கா கீது!"

மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நர்ஸும் சிரித்தாள். பிறகு நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னாள். மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி, மணிக்கட்டு என்று ஒழுங்கு சொல்லிக் கொடுத்தாள். மறுநாளும் பெட்டி. அதற்கு மறுநாளும். ஒரு நாள் பெட்டிக்குள் இருட்டாக இருந்தது. அன்றைக்கு நான் வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு போனேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "ஏன் சிஸ்டர், கையி, ரூமு, பையி அல்லாத்தையும் நல்லா ஸ்ட்ராங்கான ஸ்பிரிட்ட ஊத்திக் கழுவிட்டா இன்னா? ஒரு கிருமியும் இருக்காதுல்ல?"

"அப்படி நடக்காது அண்ணாச்சி. கிருமியக் குறைக்கது ஒண்ணு, கிருமியே இல்லாம ஆக்கது வேற ஒண்ணு. ரெண்டையும் குழப்பப் பிடாது."

ஸ்பிரிட் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். வெறும் ஸ்பிரிட் சட்டென்று ஆவியாகிவிடும். கிருமியின் வெளித்தோலை மட்டும் உறைய வைத்துவிட்டுப் போய்விடும். அளவாகத் தண்ணீர் கலந்தால்தான் அது உள்ளே இறங்கிக் கொல்லும். தடவிய பிறகு ஊதக் கூடாது, துடைக்கக் கூடாது, தானாகக் காய விட வேண்டும். காய்கிற அந்த நேரம்தான் அது வேலை செய்கிற நேரம். அப்படியும் சில கிருமிகள் விதை மாதிரி கெட்டியான ஓட்டுக்குள் தூங்கும். அவற்றை ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அதிலும் கிடக்கும்.

"அப்ப அத இன்னாதான் செய்றது?"

"வாங்க, காட்டுதேன்" என்று வராந்தா கோடிக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஆள் படுக்கிற அளவுக்கு ஓர் எஃகு உருளை. கதவைச் சுற்றி ரப்பர் வளையம், மேலே அழுத்தமானி, பக்கத்தில் சேஃப்டி வால்வு. எல்லாம் என் உலகத்துச் சாமான்கள். சன்னலில் மூக்கை வைத்து நின்றுவிட்டேன். அதை இயக்கிக்கொண்டிருந்தவர் என் ஆவலைப் பார்த்து வெளியே வந்தார். முதலில் உள்ளே இருக்கிற காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும், காற்று தங்கிய இடத்தில் நீராவி படாது என்றார். பிறகு குக்கர் மாதிரி நீராவியை அடைத்து அழுத்தம் ஏற்றினால், கொதிக்கிற தண்ணீரைவிட அதிகச் சூடு வரும். அந்தச் சூட்டில் உரிய நேரம் வைத்திருந்தால் தூங்குகிற விதையும் சாகும். துணிக்கட்டின்மேல் ஒட்டியிருந்த ஒரு டேப்பைக் காட்டினார். போகும்போது வெள்ளையாக இருந்தது, வெளியே வரும்போது கறுப்புக் கோடுகளோடு வந்தது. சூடு தாங்காத பிளாஸ்டிக்கை வாயுவாலோ கதிராலோ சுத்தம் செய்வார்களாம்.

நர்ஸ் என் தோளைத் தட்டினாள். "பையும் குழாய் நுனியும் ஃபேக்டரியில கிருமியே இல்லாம ஆக்கி வருது. உங்க கைய இந்த மிசினுக்குள்ள வைக்க முடியுமா? முடியாதுல்லா? அதனால எவ்வளவு கழுவினாலும் கை கைதான். கழுவி, ஸ்பிரிட் தேய்ச்சு, கிருமியக் குறைக்கோம். ஆனா நுனியத் தொட மாட்டோம். நுனி எதுலயாவது பட்டுட்டா மாட்டப் பிடாது. குழாயில இருக்க கிளாம்ப மூடிட்டு எனக்கு போன் போடுங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வீட்டில் சன்னலோர மூலையைத் தட்டி அடைத்து ஒரு சின்ன அறை செய்தேன். சுவருக்கு வெளுப்பான பெயிண்ட். துடைக்கச் சுலபமான ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை. பையைத் தொங்கவிட மேலே ஒரு கொக்கி. படகில் போடுகிற துருப்பிடிக்காத கொக்கிதான். மாற்றும் நேரத்தில் சன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்திவிடுவேன், தூசி பறக்கக் கூடாது என்று. இரண்டு பேருக்கும் மாஸ்க். மேசையைத் துடைத்து, கை கழுவி, காய வைத்து, ஸ்பிரிட் தேய்த்து, பையை மாட்டி, பழைய தண்ணீரை வடித்து, புதியதை ஏற்றி, குழாய்க்கு அயோடின் வைத்த புது மூடியைப் பூட்டுவேன். ஆரம்பத்தில் மாஸ்குக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டும். அவள் தண்ணீர் வடியும் வரை ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். பையைச் சீக்கிரம் சூடு பண்ண வெந்நீர்ப் பானையில் போடச் சொன்னாள் ஒரு நாள். ஈரத்தில்தான் கிருமி ஏறும், கூடாது என்றேன். "பெரிய டாக்டரு" என்றாள்.

பகலில் வேலையை விட்டுவிட்டு வந்து போவேன். படகு முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் அம்மாவும் இதே நோயில்தான் இறந்தார்.

அப்படி ஒரு மதியம், பையை மாட்டப் போகிற சமயம், அவளோடு மார்க்கெட்டில் உட்காருகிற பெண்கள் நாலைந்து பேர் கூடையோடு வாசலில் வந்து நின்றார்கள். வியாபாரம் முடிந்து நேரே வந்திருந்தார்கள். சேலை முந்தியெல்லாம் செதில். நான் மாஸ்கோடு வாசலை மறித்தேன்.

"இப்ப வராதீங்கோ. பையி மாத்துற நேரம். கிருமி பூந்துடும்."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "சர்தான் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் கையை மறுபடி முதலிலிருந்து கழுவிவிட்டு வந்து மாட்டினேன். தண்ணீர் முழுவதும் வடிந்து, புதுத் தண்ணீர் ஏறி, மூடி போட்ட பிறகுதான் அவள் மாஸ்கைக் கழற்றினாள்.

"நா பஸ்ஸுல ஏறுனா மூக்க மூடிக்கினு எந்திரிச்சுப் பூடுவாங்கோ. எத்தினியோ தபா பாத்துக்கிறேன். அவுங்களாண்ட நா ஒரு நாளும் கோச்சிக்கினதில்ல. நீ எங் வூட்டு வாசல்லயே எஞ் சனத்த கலீஜுன்னு நிறுத்திட்டியே."

"நா அப்டி சொல்லலடி."

"சொல்லல. மூஞ்சில மாஸ்க்க போட்டுக்கினு கதவாண்ட நின்ன. அதான் சொல்லிச்சு."

மீன் கூடையிலும் கிருமி இருக்கும்தானே என்று எனக்குள் ஒரு குரல். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது அவளே கேட்டாள். "எம்மா, நெஜத்த சொல்லு. மீனு நாத்தத்துல கிருமி கீதா?"

நர்ஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நாத்தம் வேற, கிருமி வேற அக்கா. வாசனையா பவுடர் போட்டு வாறவங்க மூக்குலயும் கிருமி இருக்கும். இப்ப எம் மூக்குல இருக்கு, அண்ணாச்சி தோல்ல இருக்கு, உங்க தோல்லயும் இருக்கு. உங்க வயித்துக்கு அதுதான் ரொம்பப் பயம். மாத்துற நேரத்துல யாருன்னாலும் உள்ள வரப்பிடாது. டாக்டரம்மான்னாலும் மாஸ்க் போடாம வரப்பிடாது. மத்த நேரம் கைய கழுவிட்டு யாரு வேணா வரலாம். அவங்க வரலன்னா உங்களுக்கு யாருக்கா இருக்கா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் வீடு திரும்புகிற வழியெல்லாம் ஜெயித்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையே போன் போட்டு அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டாள்.

அவர்கள் வந்தார்கள். வாசல் குழாயடியில் நான் சோப்பு வைத்திருந்தேன். அவர்களில் பெரியவள் முதலில் கழுவினாள். என் மனைவி உள்ளிருந்தபடியே அதட்டினாள். "கட்ட வெர்ல கய்வினியா? நகத்த தேச்சியா? சொம்மா தண்ணி காட்டிக்கினு வராத." அந்தப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. மாற்றும் நேரம் வந்தால் அவர்களே எழுந்து தடுப்புக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கிருந்தபடி அன்றைய ஏலத்தில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று சத்தமாகச் சொல்வார்கள். அவள் மாஸ்குக்குள்ளிருந்து தீர்ப்பு சொல்வாள்.

சில மாதங்கள் நன்றாகப் போயின. ஒரு காலையில் வடிந்து வந்த பை கலங்கலாக இருந்தது. எப்போதும் வெளிர் மஞ்சளாக, தெளிவாக வரும். அன்று அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தபடி பையைச் செய்தித்தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். எழுத்து தெரியவில்லை.

"வயிறு வலிக்குதா?"

"ராத்திரிலேர்ந்து லேசா இஸ்துகினு கீது. நீ தூங்கிட்டு கெடந்தே, எதுக்கு எயிப்பணும்னு உட்டுட்டேன்."

அந்தப் பையையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நின்றன. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மேல் சாய்ந்திருந்தாள். நெற்றி சுட்டது. மருத்துவமனையில் பையிலிருந்து கொஞ்சம் எடுத்து என்ன கிருமி என்று பார்க்க அனுப்பினார்கள். முடிவு வரும் வரை காத்திராமல், புதுப் பைக்குள்ளேயே மருந்தைச் செலுத்தி வயிற்றுக்குள் விட்டார்கள்.

நர்ஸ் என்னிடம், "அண்ணாச்சி, வீட்ல செய்யுத மாதிரியே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. ஒண்ணும் விடாம" என்றாள். செய்து காட்டினேன். கை கழுவிய பிறகு நின்றேன். "துடைக்கதுக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். கொடியில் ஒரு துண்டு, தினமும் துவைத்துப் போடுவேன் என்றேன். மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. துண்டு முழுசாகக் காயாமலே இருந்திருக்கலாம். ஈரத் துண்டில் கிருமி பெருகும், கழுவின கைக்குத் திரும்ப வந்துவிடும் என்றாள். "இதுதான் காரணம்னு சொல்லல. ஒருவேளை இருக்கலாம். எவ்வளவு ஒழுங்கா செய்யுதவங்களுக்கும் இது வரும்."

கட்டிலிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. காய்ச்சலில் கமறியிருந்தது.

"யம்மா, அந்தாள ஒண்ணியும் கேக்காத. கைய தேச்சித் தேச்சி தோலு உரிஞ்சிப் பூட்ச்சு அதுக்கு. ராவுல எரியுதுன்னு தேங்கா எண்ண தடவிக்கினு படுக்குது. எங்காண்ட சொல்லல, எனுக்குத் தெரியும்."

நான் திரும்பிச் சன்னலைப் பார்த்துக்கொண்டேன். நர்ஸ் என் கையை வாங்கி, வெடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். வெடிப்புக்குள்ளும் கிருமி தங்கும், கையைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு களிம்பு கொடுத்தாள். துண்டுக்குப் பதில் ஒரு தடவை துடைத்துவிட்டு எறிகிற காகிதத் துணி.

வார்டில் தினமும் பையைச் செய்தித்தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். முதலில் தலைப்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பிறகு ஒரு நாள் பொடி எழுத்தும் தெரிந்தது.

"தெர்தா?" என்றாள்.

"தெர்து."

"இன்னா போட்டுக்கீறான்?"

"எண்ணூர்ல நாளிக்கி கரண்ட் கட்டாம்."

"அத்த மொதல்ல எண்ணூர்ல கீற எந் தங்கச்சிக்கு போன் போட்டு சொல்லு, மாவு அரைச்சி வச்சிக்கட்டும்" என்றாள். அவள் பிழைத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது.

வீடு திரும்பிக் கொஞ்ச நாளில் புயல் வந்தது. விடிய விடியப் பெய்து, விடிந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். சாக்கடையும் கடலும் மழையும் ஒன்றாகி, மேலே எண்ணெய் மினுமினுக்க வீட்டுக்குள் ஏறியது. பைகள் இருந்த அட்டைப் பெட்டிகளை முதலிலேயே பரண்மேல் தூக்கி வைத்திருந்தேன். கீழே மிச்சமிருந்த ஒன்று நனைந்துவிட்டது. அவளைக் கட்டில்மேல் உட்கார வைத்துவிட்டு நின்றேன். காலைப் பை மாற்ற வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது.

எதிர்வீடு மளிகைக் கடைக்காரருடையது. தென்மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கீழே கடை, மேலே வீடு. என் மனைவிக்கும் கடைக்காரர் மனைவிக்கும் பேச்சு இல்லை. என்றோ ஒரு நாள் கடைப்படியில் மீன் கூடையை இறக்கி வைத்தபோது, அந்த அம்மா வாளித் தண்ணீரை ஊற்றிப் படியைக் கழுவிவிட்டாள். அதற்குப் பிறகு என் மனைவி மூன்று தெரு தள்ளிப் போய்த்தான் உப்பு வாங்குவாள்.

அந்த அம்மாதான் மேல்மாடிச் சன்னலிலிருந்து கையாட்டிக் கூப்பிட்டாள். "எண்ணே! அவங்கள மேல கூட்டிட்டு வாங்க! அந்தத் தண்ணியில வச்சுக்கிட்டு நிக்கீங்களே!"

நானும் பக்கத்து வீட்டு மீனவர்கள் இரண்டு பேருமாக அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். வயிற்றுக் குழாயைப் பாலித்தீனால் சுற்றி மார்போடு கட்டியிருந்தேன். பைகளை இன்னொருவர் தலைமேல் சுமந்து வந்தார்.

மேலே தனியாக ஒரு சின்ன அறை. ஜெபம் பண்ணுகிற அறை என்று சுவரைப் பார்த்ததும் தெரிந்தது. "இதுதான் வீட்லயே சுத்தமான எடம். இங்கயே செய்யுங்க" என்றாள் அந்த அம்மா. அவ்வளவோடு விடவில்லை. நாங்கள் கை கால் கழுவப் போகும் குளியலறையைச் சுத்தம் செய்து கொடுக்கப் போனாள். தரையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தண்ணீர் விட்டிருக்கிறாள். அதோடு திருப்தியில்லாமல், இன்னும் நன்றாகச் சாகட்டும் என்று கழிவறை ஆசிட்டையும் எடுத்து அதன்மேல் ஊற்றிவிட்டாள்.

இருமல் சத்தம் கேட்டு ஓடினேன். தொண்டையைக் கிழிக்கிற நெடி. மணலி ரசாயனத் தொழிற்சாலைகள் பக்கம் வேலை பார்த்தபோது பழகின குளோரின் நெடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, மொட்டைமாடிக் கதவைத் திறந்து காற்றில் உட்கார வைத்தோம். கண்ணில் தண்ணீர் வழிய இருமிக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் பயந்துபோய் முதுகைத் தடவினார். வெகுநேரம் கழித்து மூச்சு சீரானது.

"ரெண்டும் கிருமியக் கொல்லுத சாமான்தானே" என்றாள் ஈனக்குரலில்.

"தனித்தனியா கொல்லும்மா. சேந்தா நம்மளக் கொல்லும்" என்றேன்.

என் மனைவி சுவரைப் பிடித்துத் தட்டுத் தடுமாறி அங்கே வந்து நின்றாள். குரல் வந்த திசையில் கையை நீட்டி, அந்த அம்மாவின் தலையைத் தொட்டாள். "எனுக்கோசரம் கய்வப் போயி இப்டி ஆச்சே. கொஞ்சம் தண்ணி குடிம்மா" என்றாள். அந்த அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. படிக்கட்டுக் கதையை இரண்டு பேரும் எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

நர்ஸுக்கு போன் கிடைத்தது. நனைந்த பெட்டியிலிருந்த பைகளைத் தொட வேண்டாம், காய்ந்ததை மட்டும் எடுங்கள் என்றாள். தொட்டித் தண்ணீரை நம்ப முடியாது, கை கழுவுகிற தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளச் சொன்னாள். அடுப்பில் வைத்தோம். ஜெப அறையின் மேசையைத் துடைத்தேன். தொங்கவிடக் கொக்கி இல்லை. சுவரிலிருந்த சிலுவைப் படத்தை அந்த அம்மாவே இறக்கி அலமாரியில் வைத்துவிட்டு, "அந்த ஆணியில மாட்டுங்க" என்றாள். மாஸ்க் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, சன்னலைச் சாத்திவிட்டு, கதவுக்கு வெளியே காவலுக்கு நின்றாள். மின்சாரம் இல்லை. சன்னல் கண்ணாடி வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில் நான் குழாய் நுனிகளைப் பார்த்துப் பார்த்து இணைத்தேன். தண்ணீர் வடிய ஆரம்பித்தது. தெளிவாக இருந்தது.

தெருவில் வெள்ளம் வடிகிற வரை அங்கேதான் இருந்தோம். கடைக்காரர் வீட்டு ரசமும் அந்த அம்மாவின் ஜெபமும் தினமும் கிடைத்தன.

வீடு திரும்பியபோது தரையெல்லாம் கறுப்புச் சேறு. தெருவில் எல்லோரும் சேற்றின்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிக்கொண்டிருந்தார்கள். அழுக்கு இருக்கிற இடத்தில் மருந்தின் வலுவை அந்த அழுக்கே தின்றுவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதனால் முதலில் சேற்றை வாரினோம். சோப்புத் தண்ணீரால் தேய்த்தோம். அலசித் துடைத்த பிறகுதான் குளோரின் கரைசலால் மெழுகி, ஈரத்தோடு கொஞ்ச நேரம் விட்டோம். அந்த மார்க்கெட் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து சேறு வாரினார்கள். கடைக்கார அம்மாவும் துடைப்பத்தோடு இறங்கி வந்தாள். ஆசிட் பாட்டில் எதுவும் கொண்டு வரவில்லை என்று கையை விரித்துக் காட்டினாள்.

இப்போது என் மனைவி காலைப் பையை மாற்றியதும் மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறாள். பாரம் தூக்கக் கூடாது. கூடையை மற்றவர்கள் தூக்குகிறார்கள், வாய் வியாபாரம் இவளுடையது. மதியம் அவர்களே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிய முடியுமா என்று கேட்டோம். இதயம் தாங்காது என்றார் டாக்டரம்மா. "போவட்டும், இதுவே ஓடிக்கினு கீது" என்றாள் என் மனைவி.

போன மாதம் மீஞ்சூரில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பையோடும் மாஸ்கோடும் ரயிலேறிப் போனோம். சம்பந்தி வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். மாற்றி முடித்து வெளியே வந்ததும் மகள் குழந்தையைக் கொண்டுவந்தாள். என் மனைவி பின்வாங்கினாள். "வேணாண்டி, வயித்துல கொயாய வச்சிக்கினு கீறேன். கொயந்திக்கு எதுனா ஆயிடப் போவுது" என்றாள்.

மகள் விடவில்லை. "ஒண்ணியும் ஆவாதும்மா, டாக்டர கேட்டுட்டேன். கைய கய்விட்டு அல்லாரும் தூக்குறாங்கோ, நீயும் தூக்கு" என்று மடியில் வைத்துவிட்டாள்.

அவளுக்குக் குழந்தையின் முகம் தெரியாது, ஒரு வெளிச்சத் திட்டாகத்தான் தெரியும். விரல் நுனியால் மெல்ல நெற்றி, புருவம், மூக்கு, காது என்று தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூக்கு அவுங்கப்பன் மூக்கு" என்றாள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "சர்தான், காது நம்ம வூட்டுக் காது."